ஹீரோ வில்லன்கிட்ட மாட்டுற சீன் எழுதுறது எப்படி

தொடர்கதை எழுதுறவங்க, குறும்படத்துக்கு ஸ்க்ரிப்ட் பண்றவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல இந்த சீனுக்கு வந்தே தீருவாங்க. பழைய குடோன், மேல குண்டு பல்பு ஒண்ணு ஆடிக்கிட்டு இருக்கும், நடுவுல ஒரு சேர், சேர்ல ஹீரோ, உதட்டோரமா ரத்தம், சுத்தி நாலு அடியாளு, அப்புறம் வில்லன் மெதுவா நடந்து வந்து சிரிப்பான். படிக்கிறவங்க இத ஆயிரம் தடவ பாத்திருக்காங்க, ஹீரோ சாகமாட்டான்னு தெரியும், எப்படியோ கட்ட அவுத்துக்கிட்டு எல்லாரையும் போட்டு பொளப்பான்னும் தெரியும், அப்புறம் எதுக்கு இத எழுதணும், எழுதுறதா இருந்தா எப்படி எழுதுனா பக்கத்த புரட்டாம படிப்பாங்க, அதத்தான் பேசப்போறோம்.

என் கட்சி ஒண்ணே ஒண்ணுதான். எப்படி தப்பிக்கிறான்னு யோசிச்சு மண்டய உடைச்சுக்காதீங்க, மாட்டினதால அவனுக்கு என்ன கிடைச்சுதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. வெளிய சுத்திக்கிட்டு இருந்தா கிடைக்கவே கிடைக்காத ஏதோ ஒண்ணு உள்ள போனதால கிடைக்கணும், அது ஒரு தகவலா இருக்கலாம், ஒரு ஆளா இருக்கலாம், எதிரியோட முகத்த நேர்ல பாக்குறதா இருக்கலாம். அப்படி ஒண்ணும் இல்லன்னா அந்த அத்தியாயத்த தூக்கி கடாசிடுங்க, கதைக்கு ஒரு சேதமும் வராது.

இதுக்கு சுந்தர காண்டத்த விட பெரிய பாடம் எனக்கு தெரிஞ்சு இல்ல. அனுமன் சீதைய பாத்தாச்சு, கணையாழிய குடுத்தாச்சு, சூடாமணிய வாங்கியாச்சு, வந்த வேல முடிஞ்சுது, பேசாம கடல தாண்டி திரும்பி போயிருக்கலாம். போகல. அசோகவனத்த துவம்சம் பண்றார், புடிக்க வந்தவங்கள எல்லாம் அடிச்சு நொறுக்குறார், இராவணனோட மகன் அட்சகுமாரன் சாகுறான், கடைசியா இந்திரஜித் வந்து பிரம்மாஸ்திரத்த விட, அதுக்கு கட்டுப்படுறார். வால்மீகி சொல்றபடி பாத்தா அந்த அஸ்திரத்துல இருந்து சீக்கிரமே விடுபடுற வரம் அனுமனுக்கு உண்டு, ஆனா பிரம்மாவுக்கு மரியாத குடுத்து அடங்கி கிடக்குறார், இராவணன நேருக்கு நேர் பாத்து நாலு வார்த்த பேசணும்ங்குற எண்ணமும் உள்ளுக்குள்ள ஓடுது. அதுக்கப்புறம் வருது பாருங்க ஒரு சங்கதி, அரக்கர்கள் ஓடிவந்து சணல் கயிறு, மரப்பட்டை கயிறுன்னு கைக்கு கிடைச்சத எல்லாம் போட்டு கட்டுறாங்க, வேற கட்டு மேல விழுந்தா பிரம்மாஸ்திரத்தோட கட்டு தானா விட்டுப்போயிடும், அதாவது அந்த நிமிஷத்துல இருந்து அனுமன் ஃப்ரீ. இந்திரஜித்துக்கு இது புரிஞ்சு அடப்பாவிகளா காரியத்த கெடுத்துட்டீங்களேன்னு பதறுறான், அனுமனுக்கும் தெரியும், ஆனா வெளிய காட்டிக்காம அவங்க இழுத்த இழுப்புக்கு போறார். யோசிச்சு பாருங்க, கட்டப்பட்டவனுக்கும் தெரியும், கட்டினவனுக்கும் தெரியும், சுத்தி நின்னு கூச்சல் போடுற கூட்டத்துக்கு மட்டும் தெரியாது. இப்படி ஒரு சஸ்பென்ஸ இன்னிக்கு எழுதுறவங்க எத்தன பேரால வைக்க முடியும்.

கம்பர் இதே இடத்துல வேற ஒரு வேல பண்றார். இலங்கையில இருந்த கயிறு எல்லாத்தையும் கொண்டாந்து கட்டிட்டாங்களாம், ஊர்ல மிச்சம் இருந்தது பொண்ணுங்க கழுத்துல கிடந்த தாலிக்கயிறு மட்டும்தானாம். ஹீரோ எவ்வளவு பலசாலின்னு ஒரு வார்த்த சொல்லல, எதிரிங்க எவ்வளவு பயந்துபோய் இருக்காங்கன்னு கயிற வச்சே காட்டிட்டார். நீங்களும் அப்படி பண்ணுங்க, எட்டு பேர் துப்பாக்கியோட நின்னாங்கன்னு எழுதுறதுக்கு பதிலா, ஏற்கனவே கட்டியாச்சு, ஆனாலும் ஒருத்தன் திரும்ப வந்து முடிச்ச இழுத்து பாத்துட்டு போறான்னு எழுதுங்க, போதும்.

அந்த கதையோட மிச்சத்தையும் பாத்துடலாம். சபைக்கு கொண்டுபோறாங்க, அனுமன் இராவணனுக்கு புத்தி சொல்றார், இராவணன் கொல்லச் சொல்றான், தூதன கொல்றது முறையில்லன்னு விபீஷணன் தடுக்குறான், சரி வாலுல தீ வைங்கடாங்குறான், அந்த தீயே இலங்கைய எரிக்குது. என்ன தண்டன குடுத்தாங்களோ அதுவே ஆயுதமா திரும்புது. மாட்டினதால கிடைச்ச லாபத்தையும் எண்ணி பாருங்க, எதிரியோட ராஜாவ பாத்தாச்சு, ஊர முழுக்க இழுத்துட்டு போனதுல கோட்டை கொத்தளம் எல்லாம் பாத்தாச்சு, உள்ளுக்குள்ளயே மனசு ஒத்துப்போகாத ஒரு தம்பி இருக்கான்னு தெரிஞ்சாச்சு. தப்பிச்சது கடைசி, அதுக்கு முன்னாடியே ஜெயிச்சாச்சு.

சரி, இப்ப உங்க ஆளு எப்படி மாட்டுறான்? இங்கதான் முக்காவாசி பேர் சோம்பேறித்தனம் பண்றாங்க. பின்னாடி இருந்து எவனோ கட்டையால மண்டையில ஒரு போடு, ஸ்க்ரீன் கருப்பாகுது, கண்ண முழிச்சா சேர்ல இருக்கான். இதுல ஹீரோ ஒண்ணுமே பண்ணல, அவனுக்கு ஒண்ணு நடந்துச்சு அவ்வளவுதான். அவனோட நல்ல குணமே அவன மாட்டிவிடணும், அப்பதான் படிக்கிறவங்களுக்கு வயிறு எரியும். 1965ல வந்த ஆயிரத்தில் ஒருவன்ல எம்ஜிஆர் வைத்தியரா வருவார், அடிபட்டு வந்த புரட்சிக்காரங்களுக்கு வைத்தியம் பாத்ததுக்காக புடிச்சு அடிமையா தீவுக்கு அனுப்புவாங்க. அதோட மூலம் 1922ல வந்த கேப்டன் பிளட்ங்குற நாவல், அதுல 1685ல இங்கிலாந்துல நடந்த ஒரு கலகத்துல காயம்பட்டவனுக்கு மருந்து போட்ட டாக்டர பார்படோஸ்க்கு அடிமையா வித்துடுறாங்க. மருத்துவம் பாத்ததுதான் குத்தம், ஆனா அங்க போனப்புறம் கவர்னருக்கு காலு வீங்கி வலி தாங்கல, அதே மருத்துவம்தான் இவனுக்கு அங்க கொஞ்சம் நடமாட சுதந்திரத்தையும் வாங்கி குடுக்குது. எந்த குணத்தால மாட்டினானோ அந்த குணத்த வச்சே உள்ள பொழைக்கிறான். இந்த ரெண்டையும் முடிச்சு போட்டுட்டீங்கன்னா பாதி வேல முடிஞ்சுது.

பொன்னியின் செல்வன்ல வந்தியத்தேவன பாருங்க, அந்த ஆளுக்கு மாட்டுறதே பொழப்பு. இளவரசர் அந்த கப்பல்ல இருக்கார்னு நெனச்சு கொஞ்சமும் யோசிக்காம ஏறிடுவான், உள்ள பாத்தா மந்திரவாதி ரவிதாசன் கும்பல், இவன கட்டிப்போட்டுடுவாங்க, அப்புறம் புயல், இடி, கப்பல்ல தீ, கடைசில யார காப்பாத்த போனானோ அந்த இளவரசரே வந்து இவன காப்பாத்துவார். அவசரக்குடுக்கைத்தனமும் விசுவாசமும் சேந்து செஞ்ச வேல அது. அதனாலதான் அவன் எத்தன தடவ மாட்டினாலும் நமக்கு சலிப்பு வரல, ஒவ்வொரு தடவையும் இவன் இப்படித்தான்யா பண்ணுவான்னு தோணுது. புத்திசாலின்னு பத்து அத்தியாயமா பில்டப் குடுத்துட்டு, தெரியாத நம்பர்ல இருந்து தனியா வான்னு கூப்பிட்டதும் கெளம்பி போய் மாட்டுற ஹீரோவ எழுதாதீங்க, ஒரு ஃப்ரெண்டுக்கு கூட சொல்லாம போறானேன்னு படிக்கிறவங்க கமெண்ட்ல கிழிச்சுடுவாங்க.

கயிறே இல்லாம கட்டுறது இன்னும் ஒசத்தி. பாட்ஷால கம்பத்துல கட்டி வச்சு மாணிக்கத்த அடிப்பாங்க, தம்பி வாங்கவேண்டிய அடிய இவர் வாங்குவார், சிரிச்சுக்கிட்டே நிப்பார். அந்த கயிறு அவர ஒண்ணும் பண்ணாதுன்னு நமக்கு ஏதோ ஒரு மூலையில தெரியுது, ஆனா ஏன் சும்மா நிக்கிறார்னு தெரியல, இவரு யாருங்குற கேள்வி அங்கதான் ஏறுது. அவர கட்டி வச்சிருக்குறது குடுத்த வாக்கும் பழைய வாழ்க்கைய பொதைக்கணும்ங்குற முடிவும்தான், கயிறு சும்மா பேருக்கு. அப்புறம் தங்கச்சி மேல கை வச்சதும் அந்த கட்டு அறுபடுது பாருங்க, 1995ல தியேட்டர்ல விசில் பறந்ததுக்கு ஃபைட்ட விட முன்னாடி வாங்கின அடிதான் காரணம்னு நான் அடிச்சு சொல்வேன். உங்க ஹீரோவால கைய ஒதறினா வந்துடமுடியும், ஆனா ஒதறினா பக்கத்து ரூம்ல இருக்குற ஒருத்தர் உயிர் போகும், இல்ல அவன் யாருங்குற உண்மை வெளிய வரும்னு வைங்க, எழுத எழுத சீன் தானா சூடாகும்.

வில்லன் பக்கம் வருவோம். படிக்கிறவங்க கேக்குற மொத கேள்வியே ஏன்டா இவன அப்பவே சுடலங்குறதுதான், அதுக்கு உங்ககிட்ட நேர்மையான பதில் இருக்கணும். நம்ம பழைய படங்கள்ல பத்திரத்துல கையெழுத்து வேணும்னு ஒரு காரணம் வைப்பாங்க, இப்ப அத பாத்து சிரிக்கிறோம், ஆனா காரணமா பாத்தா அது கெட்டியான காரணம், செத்தவன் கையெழுத்து போடமாட்டான்ல. பாஸ்வேர்டு, சாட்சி, ஒளிச்சு வச்ச பொருள், வெளிய இருக்குற கூட்டாளிய வரவைக்கிற தூண்டில், இதெல்லாம் அதே வகையறா. இன்னொரு காரணம் ஊருக்கு காட்டுறது. கட்டபொம்மன புடிச்சதும் கிழக்கிந்திய கம்பெனி மேஜர் பானர்மேன் சத்தமில்லாம முடிச்சிருக்கலாம், அப்படி செய்யல, மத்த பாளையக்காரங்கள எல்லாம் வரவழைச்சு அவங்க முன்னாடி விசாரணைன்னு ஒண்ண நடத்தி 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாத்துல தூக்குல போட்டான். நீங்க வாலாட்டினாலும் இதான் கதின்னு சொல்றதுக்காக ஒருத்தன உயிரோட வச்சிருக்குறது அதிகாரத்துல இருக்குறவன் எப்பவும் பண்றதுதான். பர்சனல் வன்மம், அவமானப்படுத்தி பாக்கணும்ங்குற ஆசை, இதுவும் ஓகே, ஆனா அதுக்கு முன்னாடியே அந்த வில்லன் அவமானப்பட்ட ஒரு சீன் இருந்தா மட்டும்.

காரணம் எதுவுமே இல்லன்னா என்ன பண்ணலாம்? ஹீரோவே அந்த காரணத்த உருவாக்கணும். 1964ல வந்த கோல்ட்ஃபிங்கர்ல ஜேம்ஸ் பாண்ட தங்க மேசையில படுக்க வச்சு கட்டிட்டு லேசர விட்டுடுவாங்க, அது மேசைய அறுத்துக்கிட்டே அவர் காலுக்கு நடுவுல ஏறி வரும், நான் பேசணும்னு எதிர்பாக்குறியான்னு பாண்ட் கேட்டா, இல்ல நீ சாகணும்னு எதிர்பாக்குறேன்னுட்டு வில்லன் நடைய கட்டுவான். அதாவது வில்லனுக்கு இவன்கிட்ட இருந்து ஒண்ணும் வேண்டாம், அதுதான் அந்த சீனோட பயமே. அப்ப பாண்ட்டுக்கு எங்கயோ காதுல விழுந்த ஒரே ஒரு பேரு, அந்த திட்டத்தோட ரகசிய பேரு, அதுக்கு அர்த்தம் கூட முழுசா தெரியாது, அத எடுத்து விட்டு, என்ன கொன்னா எனக்கு பதிலா வர்றவனுக்கும் இது தெரியும்னு புளுகி லேசர நிறுத்த வைப்பார். பாக்கெட்ல கேட்ஜெட் எதுவும் இல்ல, வாய்தான். சொல்லப்போனா 1959ல வந்த நாவல்ல அது லேசர் கிடையாது, மரம் அறுக்குற வட்ட ரம்பம், படம் எடுக்கும்போது புதுசா இருக்கட்டும்னு மாத்தினாங்க. மெஷின் எதுவா இருந்தாலும் சீன் நிக்குதுன்னா அதோட உயிர் மெஷின்ல இல்லன்னு அர்த்தம்.

வில்லன் பேசுறத பத்தியும் ஒரு வார்த்த. திட்டம் முழுசையும் ஒப்பிக்கிற வில்லன் வேண்டாம். அவன் கேள்வி கேக்கட்டும், கேக்குற கேள்வியில இருந்தே அவனுக்கு எது தெரியல, எதுக்கு பயப்படுறான்னு ஹீரோ கணக்கு போடட்டும். கோயம்பேடு லாரி பத்தி யார்கிட்ட சொன்னன்னு மூணு தடவ கேட்டான்னா லாரியிலதான் விஷயம் இருக்குன்னு ஹீரோவுக்கும் புரியும் நமக்கும் புரியும். கட்டிப்போட்டவன் விசாரிக்கிறான், ஆனா தகவல் எல்லாம் எதிர்ப்பக்கம் போகுது, எழுதி பாருங்க, சும்மா அள்ளும்.

இப்ப உடம்பு. இதுல நம்ம சினிமா பழக்கிவிட்ட பொய் நெறைய இருக்கு. மண்டையில அடிச்சா ரெண்டு மணி நேரம் மயக்கம், எழுந்ததும் தலைய ஒரு ஒதறு ஒதறிட்டு நார்மலா பேசுறதெல்லாம் நடக்காது, சில நிமிஷத்துக்கு மேல ஒருத்தன் மயங்கி கிடந்தான்னா மூளையில பெரிய அடின்னு அர்த்தம், முழிச்சாலும் வாந்தி, குழப்பம், கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி நடந்தது ஞாபகமே இல்லாம இருக்குறது எல்லாம் வரும். குளோரோஃபார்ம் கர்ச்சீஃப வச்சு மூக்க பொத்தினா ரெண்டு செகண்ட்ல சரியுறதும் அப்படித்தான், நெஜத்துல பல நிமிஷம் ஆகும், அந்த நேரம் முழுக்க ஆள் திமிறுவான். கைய பின்னாடி கட்டி மணிக்கணக்கா ஒக்கார வச்சா மொதல்ல தோள் போகும், அப்புறம் விரல் மரத்துப்போகும், அவுத்து விட்ட அடுத்த நிமிஷம் ரத்தம் திரும்ப ஓடும்போது ஊசி குத்துற வலி, கை மூடாது. அந்த கைய வச்சுக்கிட்டுதான் நம்ம ஹீரோ இருபது பேர பறக்க விடுறான். மாஸ் படம் எழுதுறீங்கன்னா பறக்க விடுங்க, நான் வேண்டாங்கல, சங்கிலிய முறுக்கி அறுக்குற ஹீரோவ நானும் ரசிச்சிருக்கேன். ஆனா த்ரில்லர் எழுதுறேன்னு சொல்லிட்டு அத பண்ணாதீங்க, உங்க ஆளு கட்டவுத்ததும் சாவிய எடுக்க போறான், விரல் சாவிய புடிக்கல, கீழ விழுது, சத்தம் கேட்டு ஒருத்தன் திரும்புறான், இதுலயே ஒரு பக்கம் ஓடும்ல.

தாகம், பசி, ஒண்ணுக்கு வர்றது, கொசு, இதெல்லாம் எழுதுங்க. ஒருத்தன ஒரு ராத்திரி முழுக்க கட்டி வச்சா பாத்ரூம் ஒரு பிரச்சன, அது ஒரு அவமானமும்கூட, அதே சமயம் கட்ட அவுக்கவேண்டிய ஒரே நேரமும் அதுதான். இத எழுத கூச்சப்படுறதாலயே பல பேர் நல்ல வாய்ப்ப விட்டுடுறாங்க. சித்திரவதைய மட்டும் அளந்து எழுதுங்க, ஒரு அளவுக்கு மேல போனா படிக்கிறவங்க மரத்துப்போய் வரிய தாண்டி போயிடுவாங்க. கதவுக்கு வெளிய நின்னு சத்தத்த மட்டும் கேக்குற சின்ன பையன் ஒருத்தன வச்சா ரத்தத்த விட அது அதிகமா வேல செய்யும். மாட்டினது பொண்ணுன்னா உடனே மானபங்க மிரட்டல கொண்டாந்து பில்டப் ஏத்துறதும் வேண்டவே வேண்டாம், அது கதையும் இல்ல ஒண்ணும் இல்ல, பழைய படங்கள்ல இருந்து ஒட்டிக்கிட்டு வந்த அழுக்கு. அவளும் உள்ள போய் எதையாவது எடுத்துக்கிட்டு வெளிய வரட்டும்.

தப்பிக்கிறதுக்கு வந்துட்டோம். விதி ஒண்ணுதான், தப்பிக்க உதவுற பொருளோ ஆளோ மாட்டுறதுக்கு முன்னாடியே கதையில வந்திருக்கணும், இல்லன்னா வில்லன் கையாலயே வரணும். 2008ல வந்த அயர்ன் மேன்ல ஏவுகணை செஞ்சு குடுன்னு ஹீரோவ கடத்தினவங்களே பட்டற, கருவி, ஒடச்சு எடுக்க பழைய ஆயுதம் எல்லாத்தையும் குகைக்குள்ள கொண்டாந்து கொட்டுறாங்க, அவன் அத வச்சு கவசம் செஞ்சுக்கிட்டு வெளிய வர்றான். சபாஷ்னு தோணுதா, அதுதான் வேணும். கூட ஒரு கைதி இருக்கார், அவர் உயிர குடுத்துதான் இவன் வெளிய வர்றான், அந்த கடன்தான் படம் முழுக்க இவன ஓட்டுது. மான்டே கிறிஸ்டோ நாவல்லயும் இதே கணக்குதான், ஹீரோவுக்கு 14 வருஷ சிறை, பக்கத்து அறை பாதிரியார்கிட்ட பாஷை, கணக்கு, உலக விவகாரம், புதையல் ரகசியம்னு எல்லாம் கத்துக்குறான், பாதிரியார் செத்ததும் பிணத்த மாத்திட்டு சாக்குக்குள்ள இவன் படுத்துக்குறான், குழி தோண்டி பொதைப்பாங்க, மண்ண தள்ளிட்டு வந்துடலாம்னு திட்டம். ஆனா அந்த கோட்டைக்கு கடல்தான் சுடுகாடு, கால்ல 36 பவுண்டு இரும்பு குண்ட கட்டி மேல இருந்து வீசிடுறாங்க. திட்டம் போட்டது ஒண்ணு, நடக்குறது ஒண்ணு. சொன்ன திட்டம் சொன்னபடியே நடந்தா அத எழுதாதீங்க, நேரா ரிசல்ட்டுக்கு போயிடுங்க. பாதியில கெட்டாத்தான் காட்டணும்.

நம்ம ஊர்ல நெஜமா நடந்த ஒண்ணு இருக்கு, எந்த ஸ்க்ரிப்டுக்கும் குறைஞ்சது இல்ல. கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டையில அடைபட்டு கிடந்தாங்க. உள்ள பெரியம்மை பரவுனதால கைதிங்களோட விலங்க கழட்டியிருந்தாங்க. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி ராத்திரி கம்பெனி அதிகாரிங்க குடும்பத்தோட ஒரு மேஜர் வீட்டு விருந்துல ஒக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது இவங்க காவல ஒடச்சு கெளம்பிட்டாங்க, வெளிய இருந்து ஆளுங்க விறகு விக்கிறவங்க மாதிரி கட்டுக்குள்ள ஆயுதத்த ஒளிச்சு கொண்டுவந்தாங்கன்னும் சொல்றாங்க. ராத்திரியோட ராத்திரியா பாஞ்சாலங்குறிச்சி பக்கம் ஓடி, இடிச்சு தரைமட்டமாக்கின கோட்டைய சில நாள்ல திரும்ப கட்டிட்டாங்க, படையோட வந்த கம்பெனிக்காரன் கோட்டை நிக்கிறத பாத்து அசந்துட்டான். இதுல எழுதுறவனுக்கு எவ்வளவு இருக்கு பாருங்க, நோய் விலங்க கழட்டுது, விருந்து காவல தளத்துது, ஊரு ஜனம் வழி விடுது. ஒரே ஒரு ஓட்டையால யாரும் தப்பிக்கிறதில்ல, ரெண்டு மூணு சின்ன ஓட்டை ஒரே ராத்திரியில ஒண்ணு சேரணும். அந்த சின்ன ஓட்டைகள முன்னாடி அத்தியாயங்கள்ல வேற வேற காரணத்துக்காக வர்ற மாதிரி தூவி வச்சுடுங்க.

விலையும் வேணும். இரண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரங்களோட ஸ்டாலாக் லுஃப்ட் 3 போர்க்கைதி முகாம்ல இருந்து 1944 மார்ச்ல 76 பேர் சுரங்கம் வழியா வெளிய வந்தாங்க, முழுசா தப்பிச்சது 3 பேர்தான், 73 பேர் திரும்ப மாட்டினாங்க, அதுல 50 பேர சுட்டுக் கொன்னாங்க. 1963ல அத படமா எடுத்தப்ப கூட அந்த 50 பேர மறைக்கல. உங்க ஹீரோ சேதாரமே இல்லாம வெளிய வந்தா அடுத்த தடவ மாட்டும்போது யாரும் பதறமாட்டாங்க.

தப்பிக்காமலே முடியுற கதையும் உண்டு, எழுதுற தைரியம் இருந்தா அதுதான் எல்லாத்தையும் விட கனமா விழும். சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணான்கிட்ட தோத்து குடவாயில் கோட்டத்து சிறையில இருந்தான், தண்ணி கேட்டிருக்கான், காவலாளிங்க லேட்டா கொண்டாந்து குடுத்தாங்க, அத குடிக்காம செத்தான். புறநானூறு 74ஆம் பாட்டு அதுதான், நாய சங்கிலியில கட்டுற மாதிரி என்ன கட்டி வச்சு, எதிரிகிட்ட கையேந்தி தண்ணி வாங்கி குடிக்கிற நெலமைக்கு கொண்டுவந்துட்டாங்களேன்னு அவனே பாடுறதா இருக்கு. சண்ட இல்ல, தப்பிக்கல, ஆனா தண்ணிய வேண்டாம்னு சொன்ன அந்த ஒரு முடிவு அவன் கையில இருந்துச்சு. கட்டப்பட்டவனுக்கு எதையாவது முடிவு பண்ற உரிமை மிச்சம் இருக்கணும், எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவால்ல. விசாரணை படத்துல அதக்கூட புடுங்க பாப்பாங்க, குண்டூர்ல வேல பாக்க போன நம்ம பசங்கள போலீஸ் புடிச்சு செய்யாத குத்தத்த ஒத்துக்கச் சொல்லி அடிக்கும், ஒத்துக்கமாட்டேங்குற பிடிவாதம் மட்டும்தான் அவங்ககிட்ட இருக்கும். அங்க ஹீரோயிசத்துக்கு எடமே இல்ல, அதான் அந்த படம் தூங்க விடாது.

அடுத்தவங்க வந்து காப்பாத்துறது தப்பான்னு நெறைய பேர் கேப்பாங்க. தப்பில்ல, ஆனா வர்றவங்களுக்கு உள்ள இருக்குறவன் ஏதாவது வழி பண்ணியிருக்கணும். யானை வந்து செவுத்த ஒடைக்கிறது, பாம்பு வந்து கட்ட அவுக்குறது எல்லாம் சாமி படத்துக்கு அழகு. மத்த கதையில போலீஸ் சைரன் சத்தத்தோட பிரச்சன முடிஞ்சா அது எழுதினவர் தப்பிச்ச கதை. ஒரு காவலாளிய மட்டும் கொஞ்சம் மனுஷனா எழுதி வச்சுக்கோங்க, நைட் ஷிஃப்ட், சம்பளம் வரல, வீட்ல புள்ளைக்கு காய்ச்சல்னு ஏதோ ஒண்ணு, அவன் கடைசில உதவலாம், உதவாமலும் போகலாம், உதவப்போறான்னு நம்ப வச்சு கைவிட்டா இன்னும் வலிக்கும்.

கடைசியா தொடர்கதை எழுதுறவங்களுக்கு. அடுத்த வாரம் என்ன ஆகுமோன்னு இழுத்து புடிக்கிற கொக்கி இருக்கே, மாட்டுற சீன்தான் அதுக்கு ராஜா, கல்கி 1950ல இருந்து 1954 வரைக்கும் ஊரையே பத்திரிகைக்கு காத்திருக்க வச்சதுல இந்த வித்தைக்கும் பங்கு உண்டு. 1966ல அமெரிக்க டிவியில வந்த பேட்மேன் சீரியல்ல புதன்கிழமை எபிசோட் ஹீரோ பொறியில மாட்டினதோட முடியும், வியாழக்கிழமை தப்பிப்பான், ஃபார்முலா அவ்வளவுதான், ஜனம் பாத்துச்சு. ஆனா ஏமாத்தக்கூடாது. ஸ்டீபன் கிங்கோட மிஸரி நாவல்ல ஒரு எழுத்தாளன அவனோட தீவிர ரசிகையே வீட்ல அடைச்சு வச்சு அவனோட கதை வரிசையில அடுத்த நாவல எழுத சொல்லுவா, அவன் கடமைக்கு எழுதி குடுத்ததும் கத்துவா பாருங்க, சின்ன வயசுல தியேட்டர்ல பாத்த தொடர் படத்துல ஹீரோ காரோட மலையில இருந்து விழுந்தான், அடுத்த வாரம் வந்து பாத்தா விழுறதுக்கு முன்னாடியே குதிச்சுட்டான்னு காட்டினாங்க, அவன் குதிக்கவே இல்லையேன்னு. பைத்தியக்காரிதான், கடத்தல்காரிதான், ஆனா அந்த பாயின்ட்ல அவ சொல்றது நூத்துக்கு நூறு சரி. போன வாரம் கதவு பூட்டியிருந்துச்சுன்னு எழுதினா இந்த வாரமும் பூட்டித்தான் இருக்கணும்.

அதனால அடுத்த எபிசோட எழுதி முடிக்காம மாட்டுற எபிசோட போஸ்ட் பண்ணாதீங்க. கொக்கிய எங்க போடுறதுன்னு குழப்பமா இருந்தா, கயிறு இறுகுற எடத்துல நிறுத்தாதீங்க, அத எல்லாரும் பண்றாங்க. உள்ள போன ஹீரோவுக்கு அந்த தகவல் கிடைக்குது, தன்ன காட்டிக்குடுத்தது யாருன்னு தெரியுது, அந்த பேர படிக்கிறவங்களுக்கு சொல்றதுக்கு ஒரு வரி முன்னாடி நிறுத்துங்க. அப்புறம் மறக்காம அந்த பேர அடுத்த வாரம் மொத பத்தியிலயே சொல்லிடுங்க, மூணு வாரம் இழுத்தீங்கன்னா அன்ஃபாலோ பண்ணிட்டு போயிடுவாங்க.